மாமியா வளைவு ஏறும் ஜீப்

அக்டோபர் 3, வியாழன்

டயர் கடை முதலாளி இன்று இந்த டயரியைக் கொடுத்தார். வருடம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது டயரி கொடுக்கிற ஆள் இந்தப் போடியில் அவர் ஒருவர்தான். வாங்காமல் வந்தால் மரியாதை இல்லை. வாங்கி வந்து எழுதாமல் வைத்தால் தாள் வீண். அதனால் எழுதுகிறேன்.

பெயர் தவசி. வயது நாற்பத்து நான்கு. போடிக்கும் ஊத்துப்பாறைக்கும் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் மேலே, சாயங்காலம் கீழே, தினமும். பாதிக்கு மேல் தார் ரோடு, முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். செக்போஸ்ட் தாண்டியதும் தார் முடிந்து மண் பாதை வந்துவிடும். அதில் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மாமியா வளைவு என்று ஒன்று இருக்கிறது. என்ன செய்தாலும் அதற்குத் திருப்தி வராது என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் மாமியாரிடம் படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

மழைக்காலத்தில் எப்போதாவது வண்டி அங்கே நிற்பதுண்டு, நேற்றும் நின்றுவிட்டேன். முந்திய ராத்திரியெல்லாம் மழை, ஒரே சேறு. பின்னால் ஒரு சக்கரம் ராட்டினம் மாதிரிச் சுற்றியது, இன்னொன்று அசையவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு லீவு என்பதால் வண்டியில் மூன்று பேர்தான். அந்த மூன்று பேரையும் இழுக்க முடியாமல் நின்றது.

வீரணன் வந்து கயிறு கட்டி இழுத்தான். போன வருடம் புது ஜீப் வாங்கியவன். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. இழுபட்ட வண்டிக்காரன் இழுத்தவனுக்கு டீ வாங்கித் தரவேண்டும், அன்று முழுக்க வரிசையில் அவனுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் இரண்டு வடையும் சேர்த்துத் தின்றான். வடை வழக்கத்தில் கிடையாது.

அக்டோபர் 5, சனி

மறுபடியும் நின்றேன். மறுபடியும் வீரணன். இன்று மூன்று வடை.

நேரே அருளப்பன் பட்டறைக்குப் போனேன். அருளப்பன் எனக்கு இருபது வருடப் பழக்கம். எதை உடைத்துக்கொண்டு போனாலும் வெல்டிங் வைத்துவிடலாம் என்பான். ஒருமுறை என் செருப்பை வாங்கிப் பார்த்துவிட்டு அதையே சொன்னான்.

"ஒண்ணுமில்ல தவசி. பின் ஆக்சிலுக்கு நடுவுல டிஃப்ரன்சல் இருக்குல்ல, அது எந்தச் சக்கரம் லேசாச் சுத்துதோ அதுக்கே எல்லாச் சக்தியையும் குடுத்துரும். சேத்துல மாட்டுன சக்கரம் சும்மாச் சுத்தும். நல்ல தரையில நிக்கிறது வேடிக்கை பாக்கும்."

எங்கப்பா சொத்தைப் பிரித்ததும் இப்படித்தான். ஒரு வேலையும் செய்யாத என் தம்பிக்குத் தோப்பு, எனக்கும் அக்காவுக்கும் வேடிக்கை.

"அப்ப என்னய்யா செய்யிறது?"

"ரெண்டு சக்கரத்தையும் சேத்து லாக் பண்ணணும். உள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரத்தை எல்லாம் சேத்து..."

"வெல்டிங் வைக்கணுமா?"

"நீயே சொல்லிட்ட."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முன்சக்கரமும் இழுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். ஆனால் முன்னால் போகிற ஷாஃப்டை, எனக்கு முந்திய சொந்தக்காரர் டீசல் மிச்சம் பிடிக்கக் கழற்றி விற்றுவிட்டார். அந்தப் புண்ணியவான் இப்போது பேருந்தில் போகிறார் என்று கேள்வி.

ஏன் இவ்வளவு அவசரம் என்றும் எழுதி வைக்கிறேன். கார்த்திகை ஒன்றாம் தேதி ஊத்துப்பாறையில் கூடி, வருகிற வருடத்துக்கு ஊர் வண்டி யாருடையது என்று முடிவு செய்வார்கள். ரேஷன் அரிசி, பிரசவ வலி, கல்யாணப் பெண், பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லாம் ஊர் வண்டியில்தான் போகவேண்டும். ஆறு வருடமாக அது என் வண்டி. மாமியா வளைவில் நிற்கிற வண்டியை யார் ஊர் வண்டி என்பார்கள். வீரணனிடம் போய்விட்டால் எல்லாரும் அவனோடு போய்விடுவார்கள், சத்துணவு டீச்சர் உட்பட. எல்லாரையும்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

ஏறிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த நாள், வண்டியில் உட்கார இடமில்லை. சனிக்கிழமையைவிட மோசமான சேறு. ஒரு மூச்சில் ஏறியது. யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டுவிட்டது. இன்று டீசல் வேறு பங்க்கில் போட்டேன்.

சத்துணவு டீச்சர் பின்னால் இடது மூலையில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வந்தார். பெயர் திலகராணி. ஊத்துப்பாறைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். நல்ல ஆகிருதி. மடியில் முட்டை அட்டைகள். முட்டை லாரி தார் ரோட்டைத் தாண்டி வராது, பள்ளிக்கூடத்து ஸ்டோரில் எலி, அதனால் அன்றன்றைக்கு வேண்டிய முட்டையை அவரே தூக்கிவருவார். கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஆகிறது. இதெல்லாம் நானாக விசாரிக்கவில்லை. ஜீப்பில் எல்லாரும் பேசுவார்கள்.

மலையில் எல்லாரும் என்னை அண்ணே என்பார்கள். இவர் மட்டும் டிரைவரே என்பார். தொழிலுக்கு மரியாதை கொடுக்கிறார்.

அக்டோபர் 9, புதன்

ஏறியது. அந்த பங்க்கிலேயேதான் இனி டீசல்.

அக்டோபர் 12, சனி

நின்றுவிட்டது. அதே பங்க், அதே டீசல்.

நேற்றுத்தான் ஆயுத பூஜை போட்டேன். வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்தேன். நல்ல பூசணிக்காய். பள்ளிக்கூடம் லீவு, வண்டியில் ரேஷன் கடைக்காரரும் இரண்டு தோட்டத்து ஆட்களும்தான். ஏறுகிற வண்டி அந்த வளைவில் திடீரென்று நினைத்துக்கொண்ட மாதிரி நின்றது.

வீரணன் கயிற்றை இப்போது முன்சீட்டிலேயே வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எடுத்துக் காட்டுகிறான்.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று முழுக்க லாக் விசாரணை. கண்டது இது.

காற்றில் பூட்டுகிற லாக் என்று ஒன்று உண்டு. டேஷ்போர்டில் சுவிட்ச். சேறு வந்தால் போடலாம், தார் வந்தால் எடுத்துவிடலாம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இதைவிட நல்லது கிடையாது. கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். பட்ஜெட் என்ன சார் என்று கேட்டார். சொன்னேன். லைன் கட்டாகிவிட்டது. மலையில் சிக்னல் இப்படித்தான். ஆனால் நான் நின்றிருந்தது போடி பஸ் ஸ்டாண்டில்.

கம்பெனியிலேயே லாக் வைத்து வந்த புது வண்டி எங்காவது உருண்டிருந்தால் அதன் ஆக்சிலை அப்படியே வாங்கிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அகலம் சேராது. அதோடு, எந்த வண்டி உருளும் என்று காத்திருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. வீரணன் வண்டி ஒரு கணம் நினைவுக்கு வந்தது உண்மை.

மூன்றாவது, பல் வைத்த ஒரு சின்னச் சாமான். பழைய டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். சேற்றில் தானாகவே பூட்டிக்கொள்ளும், வளைவில் தானாகவே விடும், விடும்போது டக் டக் என்று சத்தம் கொடுக்கும். விலை நடுத்தரம். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க எடுத்து வைத்திருப்பது சரியாகப் போய்விடும்.

நாலாவது அருளப்பன். வெல்டிங் ராடு, ஒரு டீ.

அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பேச்சியம்மா என் கூடப் பிறந்தவள், என்னோடுதான் இருக்கிறாள். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வண்டி வாரத்துல அஞ்சு நாள் ஏறுதுல்ல?"

"ஏறுது."

"சனிக்கிழமதான நிக்குது?"

"இப்பத்தான லீவு வந்துச்சு, அப்ப எல்லா நாளும் நின்னுச்சுக்கா. நாளுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம், இது மெக்கானிக்கல்."

அவளுக்கு இதெல்லாம் புரியாது.

அக்டோபர் 16, புதன்

வெல்டிங் என்று முடிவு. என் சொந்த டிஃபரன்ஷியலைக் கெடுக்க மனமில்லை. பழைய இரும்புக் கடையில் வேறொன்று வாங்கி, அருளப்பன் அதற்குள் வெல்டிங் வைத்து மாட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றுவதால் வண்டி திரும்ப மறுக்கிறது. முதல் கொண்டை ஊசி வளைவில் நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன், வண்டி நேரே பள்ளத்தைப் பார்த்துப் போனது. இன்னும் ஒடித்தேன். உள்பக்க டயர் தாரில் தேய்ந்து மயில் மாதிரிக் கத்தியது. அப்புறம் பொட்டென்று ஒரு உதறல், வண்டி திரும்பிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் இதேதான். மேலே போவதற்குள் ஒரு பாட்டி மூன்று சாமிகளைக் கூப்பிட்டுவிட்டார்.

மாமியா வளைவு ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, அருமையாக ஏறியது.

ஆனால் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் இறங்கும்போது சேலை முழுக்க மஞ்சள் கரு. முட்டை அட்டையைத் திறந்து காட்டினார். முழுசாக இருந்தவற்றை எண்ணுவது சுலபமாக இருந்தது.

"டீச்சர், நான் வந்து தலைமையாசிரியர்கிட்டச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீக? பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு முட்டை முழுசாப் போடணும். பொரிச்சுப் போட்டா அது சட்டப்படி முட்டையே இல்ல." சேலையைத் துடைத்துக்கொண்டார். "முட்டைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் டிரைவரே. நீங்க மொதல்ல அந்த வண்டியத் திரும்பச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வருத்தமாக இருந்தது. கடை திறக்கச் சொல்லி, என் பொறுப்பில் முட்டை வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பழைய டிஃபரன்ஷியலையே திரும்ப மாட்டியாகிவிட்டது. அருளப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு ஏறியது. முட்டை அத்தனையும் முழுசு.

அக்டோபர் 22, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விடாத மழை. வண்டியில் கூட்டம். முன்சீட்டில் ஊர்த் தலைவர் சடையாண்டி. மாமியா வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சக்கரம் லேசாக வழுக்கியது. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கார்த்திகை நெருங்குகிறது, இவர் முன்னால் நின்றுவிட்டால் கதை முடிந்தது என்று எனக்குள் ஒரு பதற்றம். கனத்தைக் குறைத்தால் வண்டி லேசாக ஏறும் என்று தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிச் சொன்னேன்.

"சத்துணவு டீச்சர் மட்டும் கொஞ்சம் இறங்கி நடந்து வந்தீகன்னா வண்டிக்கு லேசா இருக்கும்."

வேறு யாரையும் இறங்கச் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஒல்லி. அந்த நேரத்தில் அது எனக்குக் கணக்காகத்தான் பட்டது. தோட்டத்து ஆள் ஒருவன் சிரித்தான். அவன் சிரித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு முட்டை அட்டைகளை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கி, மழையில் மேலே நடந்தார்.

நான் வண்டியை எடுத்தேன். வளைவில் பாதி ஏறி, இடது சக்கரம் சுற்றி, பின்னாலேயே வழுக்கி வந்து ஓடையில் உட்கார்ந்தது. தலைவருடைய வேட்டி பாழ். இத்தனை கனம் குறைத்தும் ஏறவில்லை என்றால் டிஃபரன்ஷியல் செத்துவிட்டது என்று அர்த்தம். வேறு காரணம் இருக்க முடியாது.

டீச்சர் மேலே வளைவின் முனையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி நடந்துவிட்டார்.

அக்டோபர் 23, புதன்

டீச்சர் வீரணன் வண்டியில் போனார். ஊர் வண்டி ஏறாத நாளில் அதற்கு ஊர்க் கட்டுப்பாடு தடையில்லை. என் வண்டி நின்றது.

அக்டோபர் 24, வியாழன்

அதே.

அக்டோபர் 25, வெள்ளி

தலைமையாசிரியரும் வீரணன் வண்டிக்குப் போய்விட்டார். அவன் வண்டியில் பாட்டு உண்டு, மெத்தை உண்டு. டீச்சர் அவன் வண்டியில் நடுவில், மெத்தையில் உட்கார்ந்திருந்தார். உட்காரட்டும். இத்தனை வருடம் என் வண்டியில் அந்த மூலையில் புகையும் தூசியும் தின்றுகொண்டு வந்தவர், ஏன் ஒரு நாள்கூட இடம் மாற்றிக் கேட்கவில்லை என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

வண்டி நின்றது என்று தனியாக எழுதவேண்டியதில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

அக்கா முறுக்கும் அதிரசமும் சுட்டாள். ஒரு தூக்குவாளியில் போட்டு, யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை, டீச்சர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டேன். சும்மா கேட்டேன்.

"அதிரசத்துக்குப் பாகு முத்திருச்சாம்."

"வேற?"

"வேற என்ன சொல்லணும்? வண்டி ஏறுதான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். ஏறாதுன்னுச்சு."

"ஏறாதுன்னா என்ன அர்த்தம்? ஆறு வருஷமா ஏறுன வண்டிதான அது. டிஃப்ரன்சலுக்கு ஒரு லாக் போட்டுட்டா..."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "ஒரு மாசமா டிஃப்ரன்சல் டிஃப்ரன்சல்ங்கிற. சோறு எறங்கல, தூக்கம் இல்ல. அந்தப் பிள்ளை மெத்தையில உக்காந்து போறத ஒரு நாளைக்கு எத்தன தடவ எங்கிட்டச் சொல்ற தெரியுமா?"

நான் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். தீபாவளியன்று வண்டி துடைக்கக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

நவம்பர் 4, திங்கள்

கோயம்புத்தூர் போய் அந்தப் பல் வைத்த சாமானை வாங்கிவந்துவிட்டேன். பெயிண்ட் அடுத்த வருடம். கடைக்காரர் நல்ல மனிதர், நேரில் போனால் லைன் கட் பண்ண முடியாது. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"வளைவுல ஒதறுமா?"

"கொஞ்சம் சத்தம் குடுக்கும் சார். ஒதறாது."

"மடியில முட்டை இருந்தா?"

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "உங்க மடியிலயா சார்?"

"இல்ல. பின்னால இருக்கிறவுக மடியில."

வந்த வழியில் பஸ்ஸில் அந்தச் சாமானை என் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். விடவில்லை.

நவம்பர் 6, புதன்

அருளப்பன் மாட்டிக்கொடுத்தான். ஒரு இடத்தில்கூட வெல்டிங் வைக்கவில்லை. அதனால் அவனுக்கு மனசு நிறையவில்லை. கூலி வாங்கும்போதுகூட வேறு பக்கம் பார்த்தான்.

ஆள் யாரும் இல்லாமல் தனியாக மேலே போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் டக், டக் என்று சின்னச் சத்தம். ஸ்டியரிங்கில் கொஞ்சம் இழுப்பு இருக்கிறது, பழகிவிடும். முட்டை உடைகிற உதறல் இல்லை. வாங்கிப் போயிருந்த ஒரு முட்டையைப் பின்னால் இடது மூலையில் துண்டின் மேல் வைத்திருந்தேன், முழுசாக இருந்தது.

மாமியா வளைவு. நேற்று இரவு பெய்த மழை, முழங்கால் சேறு. இடது சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, டக் என்று பிடித்தது, வலது சக்கரமும் சேர்ந்து இழுத்தது, ஏறிவிட்டது. காலி வண்டி, தனியாக, யாருடைய கயிறும் இல்லாமல்.

மேலே போய் நிறுத்தி இறங்கி நின்றேன். சந்தோஷத்தில் கூவலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. காட்டுவதற்கு ஆள் இல்லை. அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, டீச்சர் சமையல்கூடத்து வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு ஒங்கள மட்டும் இறங்கச் சொன்னது தப்பு டீச்சர்" என்றேன். "ஊரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வண்டி கனம்னு நெனச்சுட்டேன்."

"அந்த வண்டிக்குக் கனந்தான் வேணும்."

எனக்குப் புரியவில்லை.

"அந்த வளைவுல பாதை வலப்பக்கமாச் சாஞ்சிருக்கு. இடது சக்கரம் லேசா மேல தூக்கிக்கும். அதுக்கு மேல ஆளு உக்காந்தாத்தான் அது தரையில ஊனும். இல்லன்னா சும்மாச் சுத்தும்." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இந்த வேலைக்கு வந்த மொத மாசம் ஒரு நாள் மூலையில எடமிருந்துச்சுன்னு உக்காந்தேன், ஏறுச்சு. மறுநாள் நடுவுல உக்காந்தேன், நின்னுச்சு. அப்புறம் மூலையிலதான். வளைவு வந்தா இன்னுங் கொஞ்சம் ஓரத்துக்கு நகந்துக்குவேன். முட்டையத் தூக்கிப் பிடிச்சுக்குவேன்."

லீவு நாளெல்லாம் வண்டி நின்றது, சனிக்கிழமையெல்லாம் நின்றது, அவர் இறங்கிய அந்த நிமிடமே ஓடையில் விழுந்தது. ஒவ்வொன்றாக வந்து என் தலையில் உட்கார்ந்தது. பூண்டு உரித்துக்கொண்டு அக்கா கேட்டதும்.

"ஏன் டீச்சர் எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்லுறது? என் ஒடம்பு கனத்துலதான் ஒங்க வண்டி ஏறுதுன்னா? மலை முழுக்கச் சிரிக்கும். ஒங்களையும் சிரிக்கும்."

"அப்ப எதுக்கு அங்கயே உக்காந்தீக? அந்த மூலையில மனுசன் உக்கார முடியாது. புகை மூஞ்சியில அடிக்கும்."

சொம்பை எடுத்து, காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்தார்.

"ஒங்க வண்டி நின்னு, அந்த வீரணன் கயிறோட வந்து எல்லார் முன்னாடியும் இளிக்கிறத எனக்குப் பாக்கப் பிடிக்கல. அவ்வளவுதான்." பிறகு சொன்னார்: "நீங்களே எறங்கச் சொல்லிட்டீக."

லாக் போட்டுவிட்டேன், வண்டி இப்போது தானாகவே ஏறுகிறது என்று சொல்லவந்தவன், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாற்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் இவ்வளவு மடையனாக இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சரியப்படுவாள் என்று பார்த்தேன். "தோசையத் தின்னு, ஆறுது" என்றாள்.

நவம்பர் 16, சனி

கார்த்திகை ஒன்று. ஊத்துப்பாறையில் கூட்டம். காலி வண்டியை மாமியா வளைவில் இரண்டு தடவை ஏற்றிக் காட்டினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். தலைவர் தன்னுடைய புது வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, நல்லாத்தான் இருக்கு தவசி என்றார்.

ஊர் வண்டி வீரணனுக்குப் போய்விட்டது. அவன் வண்டியில் செல்போனுக்குச் சார்ஜ் போடலாமாம். ஆறு வருடம் ரேஷன் அரிசி ஏற்றியிருக்கிறேன், ஏழு பிரசவத்துக்கு வண்டி எடுத்திருக்கிறேன், அதில் இரண்டு பாதி வழியிலேயே. கடைசியில் சார்ஜர்.

இனி தோட்டத்துக் கூலியாட்களையும் உர மூட்டையையும் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம், அதற்குக் குறைவில்லை. ஊர் வண்டி போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இன்று முழுக்க என் வருத்தம் அதற்காக இல்லை என்பதை இந்த டயரியில் எழுதுவதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்து ஆட்கள் ஊர் வண்டியில்தான் போகவேண்டும் என்பது கட்டு. திங்கட்கிழமை முதல் டீச்சருக்கு வீரணனின் மெத்தைதான்.

நவம்பர் 18, திங்கள்

ஸ்டாண்டுக்குப் போக மனமில்லாமல் போனேன். வீரணன் மாலை போட்ட வண்டியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு முதலில் நின்றான். தலைமையாசிரியர் ஏறி, செல்போனைச் சார்ஜில் போட்டாகிவிட்டது. நான் பின்னால் உர மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் முட்டை அட்டைகளோடு வந்தார். வீரணன் ஹாரன் அடித்து, "டீச்சர், இங்கிட்டு, இங்கிட்டு" என்று கதவைத் திறந்துவிட்டான். அவர் நின்று அவன் வண்டியைப் பார்த்தார். தலைமையாசிரியரிடம், "சார், பாட்டுச் சத்தத்துக்குத் தல வலிக்குது. நான் பின்னால வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஊர்க் கட்டு என்று வீரணன் ஏதோ ஆரம்பித்தான். "தலைவர் கேட்டா எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க தம்பி" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நேரே என் வண்டிக்குப் பின்பக்கம் வந்து, இடது மூலையில் ஏறக் கால் வைத்தார்.

"அங்க வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அந்த வேலைக்குத்தான் உள்ள சாமான் போட்டிருக்கேன். இனி அந்த மூலையில யாரும் உக்கார வேண்டியதில்ல. முன்னாடி வாங்க."

முன்கதவைத் திறந்துவிட்டு, சீட்டைத் துண்டால் துடைத்தேன். முட்டை அட்டையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஸ்டாண்டு முழுக்க எங்களையே பார்த்தது. பாட்டைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள்.

அவர் ஏறவில்லை. சீட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"நல்லா யோசிச்சுக்கங்க டிரைவரே. நான் முன்னாடி உக்காந்தா வண்டி ஒரு பக்கமாச் சாயும்."

"சாயட்டும்" என்றேன்.